பள்ளி என்று எழுதி வைத்தவர்கள்

(மதுரை கோரிப்பாளையத்தில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. அச்சுக்காகச் சுருக்கிச் செப்பம் செய்யப்பட்டது.)



மன்றத்துக்குள் நுழையும் முன் தர்கா வாசலில் சிறிது நேரம் நின்றேன். கோரிப்பாளையம் தர்காவின் குவிமாடம் ஒரே கல்லால் ஆனது, அந்தக் கல் அழகர்மலையிலிருந்து வந்தது என்று இந்த வட்டாரத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் புறப்பட்டு வருவதும் அந்த மலையிலிருந்துதான். மூன்றுமாவடியில் எதிர்சேவை முடித்து, தல்லாகுளத்தில் தங்கி, நாம் அமர்ந்திருக்கும் இந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் வைகையில் இறங்குகிறார். ஆக, அழகர்மலை கோரிப்பாளையத்துக்காரர்களுக்கு அயலூர் இல்லை. அதே மலையின் கிடாரிப்பட்டிப் பக்கத்தில் ஒரு பெரிய புடவு, அதாவது குகை, இருக்கிறது. அங்கே மதுரைக்காரர்கள் சிலர் தங்கள் பெயரையும் தொழிலையும் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். வெட்டி ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது. இன்றைய பேச்சு அவர்களைப் பற்றியது.

தலைப்பை ‘மதுரைக் குன்றுகளின் மர்மக் குகைகள்’ என்று வைக்கலாமா என அமைப்பாளர்கள் அன்போடு கேட்டார்கள். மர்மம் என்ற சொல்லை மட்டும் எடுத்துவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். அந்தச் சொல் பொருந்தும் இடங்கள் உலகில் உண்டு. சீனாவில் லோங்யூ என்ற பகுதியில் 1992இல் ஊர்க்காரர்கள் குளத்துத் தண்ணீரை இறைத்தபோது, மனிதக் கையால் குடைந்த மாபெரும் குகைகள் அடியிலிருந்து வெளிப்பட்டன. குடைந்தது யார், எதற்காக என்று சொல்ல அங்கே ஓர் எழுத்தும் இல்லை. அதை மர்மம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். நம் குன்றுகளின் கதை வேறு. இங்கே பெயர்ப்பலகை இருக்கிறது. நமக்குத்தான் படிக்க மறந்துபோயிற்று.

நான் சொல்ல வருவது ஒன்றே ஒன்று. மதுரையைச் சுற்றியுள்ள இந்தக் குகைகள், ஊரைவிட்டு ஓடியவர்கள் ஒளிந்துகொண்ட இடங்கள் என்ற எண்ணம் தவறு. ஊரே முன்வந்து, தன் காசைச் செலவழித்து, துறவிகளுக்குச் செப்பனிட்டுக் கொடுத்த தங்குமிடங்கள் இவை. மதுரை மக்கள் எழுப்பிய பொதுக்கட்டடங்களில் இன்று நம் கண்ணில் படுகிறவற்றுள் இவையே மிகப் பழையவை என்பது என் முடிவு. அதற்கான காரணங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

1. முதலில் கல்லைக் கேட்போம்.

ஆய்வு மாணவனாக இருந்தபோது ஓர் ஐப்பசி மாதம் மாங்குளத்துக்குப் போயிருந்தேன். மீனாட்சிபுரத்தை ஒட்டி நிற்கும் அந்தக் குன்றுக்கு ஓவாமலை என்று பெயர். பாதி ஏறும்போதே மழை பிடித்துக்கொண்டது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் புடவுக்குள்ளிருந்து கூப்பிட்டார். “தம்பி, இங்கிட்டு வந்துருங்க. அந்தக் கோட்டுக்கு உள்ள நனையாது.” அவர் சொன்ன கோடு எது என்று அப்போது எனக்குப் புரியவில்லை. உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பார்த்தேன். மேலே பாறையின் நெற்றியில் புருவம்போல் ஒரு காடி நீளமாக வெட்டப்பட்டிருந்தது. மலைமேல் விழுந்த தண்ணீர் பாறையின் முகத்தில் வழிந்து வந்து, அந்தக் காடியைத் தொட்டதும் உள்ளே வரும் வழி அறுபட்டு, நேராகத் தரையில் கொட்டியது. கண்ணெதிரே தண்ணீரால் ஆன ஒரு திரை. திரைக்கு உள்ளே ஆடுகளும் பெரியவரும் நானும் காய்ந்த பாறையில் உட்கார்ந்திருந்தோம்.

அந்த ஒரு மணி நேரம் எனக்குப் பல நூல்களைவிட அதிகம் கற்றுக்கொடுத்தது. காடி வெட்டாத குகையில் மழைநீர் கூரையின் அடிப்பக்கமாகவே ஊர்ந்து உள்ளே வந்துவிடும். காடி வெட்டியவன் மழைக்காலத்தில் அங்கே ஆள் இருக்கப்போகிறது என்று தெரிந்துதான் வெட்டியிருக்கிறான். ஒளிந்துகொள்ள வந்தவனுக்கு அதற்கு நேரம் கிடையாது. பாறையின் நெற்றி முழுவதும் வெளியே தெரிய, உளி ஓசை ஊருக்கே கேட்க, பல நாள் செய்த வேலை அது.

அடுத்து படுக்கைகள். கருங்கல் தரையை ஆள் நீளத்துக்குச் சமன்செய்து, வழவழப்பாக்கி, தலைமாட்டில் மட்டும் சற்று உயர்த்தி விட்டிருக்கிறார்கள். தலையணை என்றே சொல்லலாம். ஒரு படுக்கைக்கும் அடுத்ததற்கும் நடுவே மெல்லிய வரம்பு இருக்கும். புதுக்கோட்டைப் பக்கம் சித்தன்னவாசலில் ஏழடிப்பாட்டத்தில் இப்படிப் பதினேழு படுக்கைகள் வரிசையாக இருக்கின்றன. மதுரைக் குன்றுகளில் சிலவற்றில் ஒன்றிரண்டு, சிலவற்றில் பத்துக்கு மேல். ஒருவன் தனியே தவம் செய்த இடம் என்று கதைகளில் வரும் குகை இதுவன்று. பலர் சேர்ந்து தங்கிய இடம்.

குகை வாசலில், பாறைத் தரையில், வட்டமாகச் சில குழிகளைப் பார்க்கலாம். மருந்து அரைத்த குழி என்று ஊரில் சொல்வார்கள். சில குழிகளுக்கு அது பொருந்தலாம். ஆனால் ஒரே வரிசையில் அமைந்த குழிகளைப் பார்த்தால் கால் நட்டுப் பந்தல் போட்ட தடம் என்றே தோன்றுகிறது. இது என் ஊகம் மட்டும் இல்லை. கொங்கர் புளியங்குளத்துக் கல்வெட்டு, உபாசகன் ஒருவன் கூரை கொடுத்ததாகச் சொல்கிறது. மாங்குளத்துக் கல்வெட்டு ஒன்றில் வரும் ‘பிணஉ’ என்ற சொல்லைப் பின்னல் தட்டி என்று கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவன் விளக்கினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் இந்தப் புடவுகளுக்கு முன்னால் கூரையும் தட்டியும் இருந்தன. இன்று நாம் பார்ப்பது மரமும் ஓலையும் மக்கிப்போய்க் கல் மட்டும் மிஞ்சிய ஒரு வீட்டை.

2. இனி, சொற்கள்.

மாங்குளம் கல்வெட்டுகளை 1882இல் ராபர்ட் சூவல் கண்டு சொன்னார். அடுத்த நாற்பது ஆண்டுகள் அவற்றை யாராலும் சரியாகப் படிக்க முடியவில்லை. எழுத்து பிராமி, ஆகவே மொழி பிராகிருதமாகத்தான் இருக்க வேண்டும் என்று எண்ணிவிட்டார்கள். 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் ஒன்றைக் கவனித்தார். பிராகிருதத்துக்குத் தேவையே இல்லாத ழ, ள, ற, ன என்ற எழுத்துகள் இவற்றில் இருக்கின்றன. அப்படியானால் மொழி தமிழ். பூட்டு அங்கேதான் திறந்தது. 1960களில் மகாதேவன் குன்று குன்றாக ஏறி, படியெடுத்து, மாங்குளத்தில் நெடுஞ்செழியன் என்ற பாண்டியன் பெயரையும் புகளூரில் சேர அரசர்களின் பெயர்களையும் படித்துக் காட்டினார். அந்த உழைப்பு முழு நூலாக 2003இல் வெளிவந்தது. மாங்குளத்து எழுத்துகளின் காலம் கிமு 2ஆம் நூற்றாண்டு என்பது அவர் கணிப்பு.

இந்தக் குகைகளுக்கு அவற்றைக் கொடுத்தவர்களே வைத்த பெயர் என்ன? மாங்குளத்தில் ‘பளிய்’, அதாவது பள்ளி. அரிட்டாபட்டியில் ‘முழாகை’. முழை என்றால் குகை என்று நமக்குத் தெரியும். வரிச்சியூருக்குப் பக்கத்துக் குன்றில் ‘நல்’ என்ற அடைமொழியோடு அதே சொல். யானைமலையில் ‘உறையுள்’. அந்த மலைக்கு அங்கே எழுதியிருக்கும் பெயர் ‘இவகுன்றம்’. இபம் என்றால் யானை. ஒத்தக்கடையில் பேருந்துக்கு நிற்கிறவர் இன்று யானைமலை என்று சொல்வதையே அன்றும் சொல்லியிருக்கிறார்கள். நெல்லைப் பக்கம் மருகால்தலையில் படுக்கைக்கே ‘கஞ்சணம்’ என்று தனிப்பெயர். கோயில் என்றோ, கோட்டை என்றோ, கருவூலம் என்றோ, கல்லறை என்றோ இவற்றில் எங்கும் இல்லை. தங்குமிடம், படுக்கை, குகை. எதற்காக என்ற கேள்விக்கு விடை இவ்வளவுதான். கட்டியவன் கையெழுத்திலேயே இருக்கிறது.

பள்ளி என்ற சொல்லோடு கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். படுப்பது என்ற பொருள் அதில் இன்னும் இருக்கிறது. பெருமாள் பள்ளி கொள்கிறார். கோயிலில் பள்ளியறை இருக்கிறது. மார்கழியில் பள்ளியெழுச்சி பாடுகிறோம். துறவி படுக்கும் இடம் பள்ளி ஆயிற்று. துறவி இருந்த இடத்தில் பிள்ளைகள் படிக்கப் போனபோது பள்ளிக்கூடம் ஆயிற்று. இஸ்லாம் இந்த மண்ணுக்கு வந்தபோது தொழுகையிடத்துக்குத் தமிழர் கொடுத்த பெயர் பள்ளிவாசல். கேரளத்தில் கிறித்தவத் தேவாலயமும் பள்ளிதான். இந்தக் கோரிப்பாளையத்தில் பள்ளிவாசலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, அந்தச் சொல் கல்லில் பதிந்த மிகப் பழைய இடங்களில் ஒன்று இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணத்தில் இருக்கிறது என்று சொல்லும்போது எனக்கு மெய்சிலிர்க்கிறது.

3. கொடுத்தவர்கள் யார்?

என் பேச்சின் நடு இது. ஆகவே கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

மாங்குளத்தில் முதலில் தெரிகிறவர்கள் அரசனைச் சார்ந்தவர்கள். நெடுஞ்செழியனின் பணியாளன் கடலன் வழுதி என்பவன், கணி நந்தன் என்ற துறவிக்குப் பள்ளியைக் கொடுத்திருக்கிறான். அரசனுக்கு மைத்துனன் முறையுள்ள சடிகன், இளஞ்சடிகனின் தந்தை, இன்னொன்றைச் செய்து கொடுத்திருக்கிறான். அதே குன்றில் வெள்ளறை என்ற ஊரின் நிகமத்தாரும் இருக்கிறார்கள். நிகமம் என்றால் வணிகர் கூட்டமைப்பு. அந்த நிகமத்தின் காவிதிப் பட்டம் பெற்ற ஒருவனை முத்துகளின் கண்காணிப்பாளன் என்று மகாதேவன் படித்தார். கொற்கை முத்தின் பணம் ஓவாமலையின் ஒரு தட்டியில் முடிந்திருக்கிறது! அரசாங்க ஆளும் வணிகச் சங்கமும் ஒரே குன்றில், பக்கத்துப் பக்கத்தில், தத்தம் பெயர் போட்டு நன்கொடை கொடுத்திருக்கிறார்கள். இன்று ஊர்ப் பள்ளிக்கூடத்து வகுப்பறைச் சுவரில் ‘உபயம்’ என்று பார்க்கிறோமே, அதே பழக்கம்.

இனி அழகர்மலை. இங்கே அரசன் பெயர் எதுவும் இல்லை. இருப்பது கடைத்தெரு. ‘மதிரை’ என்று ஊர்ப்பெயரைச் சொல்லிக்கொண்டு, பொன் வேலை செய்பவன் ஒருவன், உப்பு வாணிகன் ஒருவன், பாணித வாணிகன் ஒருவன், கொழு வாணிகன் ஒருவன், அறுவை வாணிகன் ஒருவன் என வரிசையாக நிற்கிறார்கள். பாணிதம் என்றால் கரும்புப் பாகு. கொழு, ஏர்முனையின் இரும்பு. அறுவை, துணி. நகை, உப்பு, வெல்லம், இரும்பு, ஜவுளி. இன்று மாசி வீதிகளையும் விளக்குத்தூணையும் சுற்றி வந்தால் இந்த ஐந்து கடைகளையும் பார்த்துவிடலாம். ஊர் மாறவில்லை ஐயா!

இந்தப் பெயர்களில் ஆதன் என்ற பெயர் பலமுறை வருகிறது. மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் பானை ஓடுகளில் கீறப்பட்ட பெயர்களிலும் ஆதன் இருக்கிறது. அவனும் இவனும் ஒருவனே என்று சொல்லமாட்டேன். அது அந்தக் காலத்தில் பெருவழக்கான பெயர். ஆனால் பானையில் பெயர் கீறியவர்களும் மலையில் படுக்கை வெட்டுவித்தவர்களும் ஒரே சமூகம் என்று சொல்லத் தயங்கமாட்டேன். கீழடிக்குப் போகிற கூட்டத்தில் பத்தில் ஒருவராவது கிடாரிப்பட்டிக்கும் வர வேண்டும். வீட்டைப் பார்த்தவர்கள் அந்த வீட்டார் செய்த தருமத்தையும் பார்க்க வேண்டாமா?

உள்ளூர்க்காரர்கள் மட்டும் இல்லை. கீழவளவில் பள்ளி கொடுத்த உபாசகன் தொண்டியைச் சேர்ந்தவன், கடற்கரை ஊர்க்காரன். அந்தக் கல்வெட்டு வலமிருந்து இடமாக, எழுத்துகள் தலைகீழாக வெட்டப்பட்டிருப்பது தனி வியப்பு. முத்துப்பட்டிப் பெருமாள்மலையில் முசிறி என்ற ஊர்ப்பெயரைத் தன் பெயரோடு சுமந்த கோடன் ஒருவன் வருகிறான். முசிறி மேலைக் கடற்கரையின் மிளகுத் துறைமுகம். அரிட்டாபட்டியில் நெல்வேலிக்காரன் ஒருவனும் இலஞ்சி வேள் ஒருவனின் மகனும் தனித்தனியே முழைகள் கொடுத்திருக்கிறார்கள். திருப்பரங்குன்றத்தில் எருகாட்டூரைச் சேர்ந்த ஈழக் குடும்பிகன் ஒருவன். குடும்பிகன் என்றால் இல்லறத்தான். அதாவது ஈழத்தோடு தொடர்புள்ள ஒரு குடும்பஸ்தன், பரங்குன்றத்துத் துறவிகளுக்குப் படுக்கை வெட்டிக் கொடுத்திருக்கிறான்.

இதை மறுகரையிலிருந்தும் பார்க்கலாம். அநுராதபுரத்தில் தமிழ் இல்லறத்தார் சேர்ந்து அமைத்த மாளிகைக்குப் பிராமிக் கல்வெட்டு இருக்கிறது. அதில் கப்பல் தலைவன் ஒருவனும் உண்டு. வவுனியாவுக்குப் பக்கத்தில் பெரிய புளியங்குளத்தில் தமிழ் வாணிகன் விசாகன் பிக்குகளுக்குக் குகை கொடுத்திருக்கிறான். ஈழத்துக் குடும்பிகன் இங்கே, தமிழ் வாணிகன் அங்கே. சரக்கு போன வழியில் தருமமும் போயிருக்கிறது.

பெயர்களை இவ்வளவு விரிவாகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. மர்மம் என்று ஒரு சொல்லைச் சொல்லிவிட்டால் இத்தனை பேரும் காணாமல் போகிறார்கள். உப்பு விற்றவனின் பெயர் போய்விடுகிறது. வேற்றுலகத்திலிருந்து வந்தவன் குடைந்தான் என்ற கதை அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. அரசர்கள் பெயரை வரலாறு எப்படியும் காப்பாற்றிவிடும். கிமு காலத்து உப்பு வாணிகன் ஒருவனின் பெயர் மிஞ்சியிருப்பது இந்த மலையில்தான்.

4. ஏன் அங்கே, ஏன் அப்படி?

இங்கே தங்கியவர்கள் சமணத் துறவிகள் என்றே கொள்கிறேன்; காரணத்தைப் பிறகு சொல்கிறேன். சமணத் துறவி ஓர் ஊரில் நிலைத்துத் தங்கக் கூடாது. நடந்துகொண்டே இருக்க வேண்டும். மழைக்காலத்தில் மட்டும் நடக்கக் கூடாது. ஈரத்தில் புழுவும் பூச்சியும் முளையும் காலடியில் நசுங்கும் என்பதால் நான்கு மாதம் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். பௌத்தர்களுக்கும் ஆசீவகர்களுக்கும் இதே வழக்கம் உண்டு. பீகாரில் பராபர், நாகார்ச்சுனி என்று பக்கத்துப் பக்கத்தில் இரு குன்றுகள். கண்ணாடிபோல் மெருகேற்றிய அவற்றின் குகைச் சுவர்களைக் காட்டி, இன்றைய எந்திரம் இல்லாமல் இது எப்படி முடியும் என்று கேட்கிறவர்கள் பலர். வாசலிலேயே விடை இருக்கிறது. பராபரில் அசோகன் தன் 12ஆம் ஆட்சியாண்டில் ஆசீவகர்களுக்குக் கொடுத்தான். நாகார்ச்சுனியில் அவன் பேரன் தசரதன், மழைக்காலத் தங்கலுக்கு என்று நோக்கத்தையே எழுதிவிட்டான். நம் காடிகளுக்கு அதைவிட நல்ல உரை கிடையாது.

இலங்கையிலும் இதே காடி, இதே பிராமி, இதே நன்கொடை. கல்வெட்டறிஞர் பரணவிதான 1970இல் வெளியிட்ட இலங்கைக் கல்வெட்டுகளின் முதல் தொகுதியில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பிராமிக் கல்வெட்டுகளைத் தொகுத்தார். பெரும்பாலானவை குகைக் கொடைகள். அங்கே பெரும்பாலும் ஒரே வாய்பாடு: நாற்றிசைச் சங்கத்துக்கு இன்னார் கொடுத்த குகை. நம் கல்வெட்டுகளுக்கு அப்படி ஓர் அச்சு வார்ப்பு இல்லை. ஒருவன் பள்ளி என்பான், ஒருவன் முழாகை என்பான், ஒருவன் கூரை கொடுத்ததை மட்டும் சொல்வான், வரிச்சியூர்ப் பக்கம் ஒருவன் நூறு கலம் நெல்லைச் சொல்வான். மேலிருந்து ஒருவர் வாசகம் எழுதிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. ஊரவர் தத்தம் பேச்சில் எழுதியிருக்கிறார்கள். அந்த நூறு கலம் நெல்லையும் கவனியுங்கள். படுக்கை மட்டும் கொடுத்துவிட்டு ஊர் போய்விடவில்லை. சோற்றுக்கும் வழி செய்திருக்கிறது.

இடத்தைப் பாருங்கள். யானைமலை, மாங்குளம், அரிட்டாபட்டி, கீழவளவு, கருங்காலக்குடி எல்லாம் மேலூர் வழியாக வடக்கே போகும் தடத்தில். கொங்கர் புளியங்குளமும் விக்கிரமங்கலமும் மேற்கே, கம்பம் பள்ளத்தாக்கு வழியாகச் சேரநாட்டுக்குப் போகும் தடத்தில். இந்தக் குகைகள் வணிகப் பெருவழிகளை ஒட்டியவை என்பதை ஆர். செம்பகலட்சுமி போன்ற வரலாற்றாசிரியர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். நடந்தே திரிந்த எனக்கு இன்னொன்றும் தெரியும். ஏறத்தாழ எல்லாக் குன்றுகளிலும் அடிவாரத்தில் குளமோ கண்மாயோ, மேலே சுனையோ இருக்கிறது. ஊரிலிருந்து பிச்சைக்கு நடந்து போய் வெயில் ஏறும் முன் திரும்பும் தூரம். ஊரின் இரைச்சலுக்கு வெளியே, ஊரின் சோற்றுக்கு உள்ளே. இதைத் தேர்ந்தவர்கள் மலையை நன்றாக அறிந்தவர்கள்.

5. தங்கியவர்கள் சமணர்தாமா?

இந்தக் கேள்வி எந்தக் கூட்டத்திலும் எழும். இன்றும் எழும் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பௌத்தர் என்றார்கள் முன்பு சிலர். ஆசீவகர் என்று வாதிட்ட தமிழறிஞர்கள் உண்டு. பெரும்பாலான கல்வெட்டுகள் சமயத்தின் பெயரைச் சொல்வதில்லை என்பது உண்மை. ஆனால் கரூருக்கு அருகே புகளூர்க் கல்வெட்டு, அங்கே உறைந்தவரை மூத்த அமணர் என்று தெளிவாகச் சொல்கிறது. பின்னாளில் இதே குன்றுகளில்தான் தீர்த்தங்கரர் உருவங்கள் செதுக்கப்பட்டன. எண்பெருங்குன்றம் என்று மதுரையைச் சுற்றிய எட்டு மலைகளைச் சமண மரபு போற்றியது. சமணர் என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. ஒரு புடவில் வேறு துறவிகளும் தங்கியிருக்கக் கூடும் என்பதையும் மறுக்கமாட்டேன். மழைக்கு ஒதுங்க வந்தவரைச் சமயம் கேட்டு விரட்டியிருப்பார்கள் என்று தோன்றவில்லை.

6. படுக்கைக்குப் பிறகு சிலையும் கோயிலும்.

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தனிச் சொற்பொழிவுக்கு உரிய பொருள். முதல் படுக்கைகள் வெட்டி ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுக்குப் பிறகு, 9, 10ஆம் நூற்றாண்டுகளில், அச்சணந்தி என்ற துறவியின் பெயர் குன்று குன்றாக வருகிறது. சமணர்மலையின் பேச்சிப்பள்ளத்திலும் செட்டிப்புடவிலும் தீர்த்தங்கரர்கள் பாறையில் அமர்ந்தார்கள். அவற்றின் கீழ் எழுத்து வட்டெழுத்து. தமிழி எனப்படும் அந்தப் பழைய பிராமி எழுத்தைப் படிக்கிறவர்கள் அதற்குள் அற்றுப்போயிருந்தார்கள். யார் படுக்கை என்று தெரியாத மக்கள் பஞ்சபாண்டவர் படுக்கை என்று பெயர் வைத்தார்கள். வனவாசம் போனவர்கள் வேறு எங்கே படுத்திருப்பார்கள் என்ற அந்த நினைப்பில் அன்பு இருக்கிறது. அதை நான் பழிக்கமாட்டேன்.

இடையில் பாண்டியர் காலத்தில் உளி வேறு வேலைக்கு வந்தது. இயற்கைப் புடவைச் செப்பனிடுவதற்கு மாறாக, முழுப் பாறையைக் குடைந்து கோயில் ஆக்கினார்கள். யானைமலையில் நரசிங்கப் பெருமாளுக்கு 770இல் குடைவரை எழுந்தது. பாண்டியன் பராந்தகன் நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி தொடங்கினான்; அவன் இறந்துபோக, தம்பி மாறன் எயினன் முடித்தான். திருப்பரங்குன்றத்துக் குடைவரை 773இல் சாத்தன் கணபதி செய்தது. இன்று முருகனைத் தரிசிக்க வரிசையில் நிற்பவர்கள் அந்தக் குடைவரைக்குள்தான் போகிறார்கள். படுக்கைக்கும் குடைவரைக்கும் நடுவே ஏறத்தாழ எட்டு, ஒன்பது நூற்றாண்டு இடைவெளி. இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, குகை எல்லாம் ஒன்றே என்று எழுதுவதில்தான் பாதி மர்மம் பிறக்கிறது.

7. கடைசியாக, இன்றைய நிலை.

இருபது நூற்றாண்டு மழைக்கும் வெயிலுக்கும் நின்ற எழுத்து, நம் தலைமுறையில்தான் தேய்கிறது. படுக்கைகளில் வண்ணத்தால் காதலர் பெயர்கள். படம் எடுக்க எளிது என்று பழைய எழுத்தின் மேல் சுண்ணக்கட்டியால் இழுத்த கோடுகள். கீழவளவைச் சுற்றிக் கருங்கல் வெட்டியெடுத்த ஆழக் குழிகள். குகையைத் தொடாமல் பக்கத்துப் பாறையை மட்டும் வெடித்தால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. குன்று என்பது ஒரே உடம்பு. சுனை வற்றினால், நெற்றி விரிசல் விட்டால், காடி எதற்கு?

நம்பிக்கைக்கும் இடம் இருக்கிறது. அரிட்டாபட்டியும் மீனாட்சிபுரமும் சேர்ந்த 193.42 ஹெக்டேர் நிலம் 2022 நவம்பரில் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அதை உள்ளடக்கிய பகுதி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. மேலூர் வட்டாரத்து ஊர்கள் எல்லாம் எழுந்தன. டிசம்பர் 9இல் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அந்த ஊர்க்காரர்கள் பாறையின் நெற்றியில் இருப்பதைப் படிக்கத் தெரிந்தவர்கள் அல்லர். ஆனால் அது தங்களுடையது என்று தெரிந்தவர்கள். முழாகை கொடுத்த நெல்வேலிக்காரனுக்குப் பிறகு அந்த மலைக்கு நடந்த மிகப் பெரிய தருமம் அது என்பேன்.

ஆசிரியர்களாக இங்கே வந்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். ஆண்டுக்கு ஒருமுறை மாணவர்களை ஏதேனும் ஒரு குன்றுக்குக் கூட்டிச் செல்லுங்கள். பசுமை நடை நண்பர்கள் பல ஆண்டுகளாக இதைச் செய்துவருகிறார்கள்; வழி தெரியாவிட்டால் அவர்களோடு போகலாம். ஊரடியில் வண்டியை நிறுத்திவிட்டு நடக்கச் செய்யுங்கள். தமிழி எழுத்துகளை ஒரு தாளில் எழுதி ஒவ்வொரு பிள்ளையிடமும் கொடுங்கள்; ஒரு பாடவேளையில் கற்றுக்கொள்வார்கள், நான் சோதித்துப் பார்த்திருக்கிறேன். கல்லில் கை படாமல், சுண்ணக்கட்டி இல்லாமல், கண்ணால் படிக்கட்டும். காலை எட்டு மணிக்குள் போய்விடுங்கள். சாய்வாக வெயில் விழும் நேரத்தில்தான் எழுத்து நிழலோடு எழுந்து தெரியும்.